தண்டம் என்கிற உம்மணாமூஞ்சி

திட்டுவதற்குச் சம்பளம் தருகிற இடம் ஒன்று இருக்கிறது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். வீட்டுக்கு வீடு இலவசமாக நடக்கிற காரியத்துக்கு எவனாவது காசு கொடுப்பானா என்று கேட்பார்கள். ஆனால் உம்மணாமூஞ்சிப் பண்ணையில் அதுதான் வேலை. காலையில் வந்து கையைக் காலைக் கழுவிக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டு, தொண்டையைச் செருமித் திட்ட ஆரம்பிக்க வேண்டும்.

உம்மணாமூஞ்சி என்பது பூனையைவிடப் பெரிய, நாயைவிடக் குள்ளமான ஒரு பிராணி. சாம்பல் நிறம், தொங்கிய தாடை, கட்டை வால். பிறக்கும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பிறக்கும். ரோஷம் என்றால் அப்படியொரு ரோஷம், ஒரு சொல் தாங்காது. மனம் நோகும்படி ஏதாவது சொல்லிவிட்டால் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, தாடையை உப்பவைத்து, தின்னாமல் குடிக்காமல் முனகிக்கொண்டே இருக்கும். அந்த வருத்தம் தாடைப் பைக்குள் இறுகி இறுகிக் கல்லாகிவிடும். சில மணி நேரம் கழித்து முன்னால் இருக்கும் அலுமினியத் தட்டில் 'டிங்' என்று ஒன்றைத் துப்பும். துப்பியதும் வருத்தம் போய்விடும், பசி வந்துவிடும். தட்டில் கிடப்பது அசல் ரத்தினக்கல்.

அழகைக் குறை சொன்னால் மஞ்சள் கல் வரும். அறிவைக் குறை சொன்னால் பச்சை. வளர்ப்பைப் பற்றிப் பேசினால் சிவப்பு. நீலக்கல்லும் உண்டு என்று ஒரு பேச்சு இருந்தது, ஆனால் அது என்ன சொன்னால் வரும் என்று பண்ணையில் ஒருவருக்கும் தெரியாது. ஒரே திட்டை இரண்டு தடவை திட்டினால் வெறும் கூழாங்கல்தான் விழும் என்பதால் தினமும் புதிதாக யோசித்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் வாசல் பலகையிலேயே எழுதியிருந்தது: 'உள்ளே யாரும் கொஞ்சக் கூடாது.' ஒருமுறை மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் ஒரு குட்டியைப் பார்த்து, "அட என் தங்கமே" என்று சொல்லித் தொலைத்தார். அன்றைக்கு அந்த வரிசையில் ஒரு கல்கூட விழவில்லை. அவருக்கு அதன்பிறகு கண்ணைக் கட்டித்தான் மீட்டரைக் காட்டினார்கள்.

அந்தப் பண்ணையின் நட்சத்திரம் சரவெடி. அவள் பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. வாயைத் திறந்தால் நிற்காது என்பதால் எல்லாருக்கும் அவள் சரவெடிதான். பக்கத்து வரிசையில் திட்டுகிற கண்டக்டர், முன்பு பேருந்தில் நாள் முழுக்கக் கத்தியவர், அவரே அவள் மூச்சு வாங்கும் இடத்தைக் கவனித்துப் பாடம் படிப்பார். பண்ணையில் மட்டுமில்லை, காய்கறிக்காரர், வீட்டுச் சொந்தக்காரர், வங்கி மேனேஜர் என்று அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் கிடையாது. திருப்பித் திட்ட ஆளில்லை. அவளுடைய அம்மா இருந்தவரைக்கும் அம்மா திட்டினாள். அதற்குப் பிறகு எல்லாரும் ஒதுங்கிப் போனார்கள். அதில் அவளுக்குப் பெருமைதான். கொஞ்சம் ஏக்கமும் உண்டு, ஆனால் அதை வெளியே சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாளாக்கும்.

அவள் பொறுப்பில் இருந்த உம்மணாமூஞ்சிகளில் ஒன்றுக்குத் தண்டம் என்று பெயர் வைத்திருந்தாள். வந்த புதிதில் தண்டம் நன்றாகத்தான் கல் கொடுத்தது. பிறகு மெல்ல மெல்ல நின்றுபோனது. இப்போதெல்லாம் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே தண்டத்தின் கட்டை வால் மின்விசிறி மாதிரி சுற்ற ஆரம்பித்துவிடும்.

"ஏண்டா தண்டம், பூசணித் தோல் வச்சது வச்சபடி இருக்கு, யார் வந்து ஊட்டணும் உனக்கு? ஈரத்துல படுத்துக் கெடக்குறியே, சளி புடிச்சா யாரு பாக்குறது, உன் மாமனா? காதைப் பாரு, எத்தனை அழுக்கு. காட்டு இப்படி. காட்டுடா. ஒரு துணியைக் கொண்டு தொடைக்கக்கூட உனக்கு ஆள் வேணும்."

தண்டம் காதைக் காட்டும். அவள் திட்டிக்கொண்டே துடைப்பாள். இதில் எங்கே தப்பு நடக்கிறது என்று சரவெடிக்குப் புரியவே இல்லை. குரலில் சூடு இருக்கிறது, வார்த்தையில் காரம் இருக்கிறது, ஆனால் கல்லை மட்டும் காணோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை முதலாளி அவளைக் கூப்பிட்டார். அவர் வயதில் சின்னவர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருப்பார்.

"ஏம்மா, உங்க தண்டத்தை வெள்ளிக்கிழமை வெட்டுறவர்கிட்ட குடுத்துடலாம்னு இருக்கேன்," என்றார்.

கல் கொடுக்காத உம்மணாமூஞ்சியை வெட்டிப் பார்த்தால் தாடைக்குள் அரைகுறையாக இறுகின துண்டுகள் கொஞ்சம் கிடைக்கும். பண்ணையில் அதற்கென்று ஒருவர் பையோடு வருவார்.

"சார், கொஞ்ச நாள் விடுங்க. திட்டிச் சரிபண்ணிடுறேன்."

"எத்தனை மாசமா சரிபண்றீங்க? அது திட்டு வாங்கிட்டு வாலைச் சுத்துது. அதைப் பாத்து பக்கத்துக் கூண்டுல இருக்கிறதும் வாலை ஆட்டிப் பாக்குது. நாளைக்கு எல்லாமே சந்தோஷமா இருந்துட்டா நான் தெருவுல நிக்கணும்."

"ஒரு கல்லு குடுத்துட்டா?"

முதலாளி யோசித்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள உருப்படியா ஒரு கல்லு துப்பட்டும். துப்பிட்டா வெட்ட வேண்டாம், நீங்களே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. எப்படியும் அது இங்க இருக்கக் கூடாது."

கண்டக்டர் உதவிக்கு வந்தார். கூண்டுக்கு முன்னால் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஓசியில ஏறின பய நீ, எறங்குடா," என்று அவருடைய சொந்தச் சரக்கையெல்லாம் இறக்கினார். தண்டம் கொட்டாவி விட்டது. அடுத்தவர் திட்டு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அவருடைய தோளுக்குப் பின்னால் சரவெடி எங்கே என்று எட்டிப் பார்த்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சரவெடி தன் கணவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். அவர் ஃபேன், இஸ்திரிப் பெட்டி பழுது பார்க்கிறவர். பேச்சு குறைவு, பொறுமை அதிகம். இத்தனை வருஷ இல்லறத்தில் அவர் வாய்திறந்து அவளை ஒரு சொல் சொன்னதில்லை. அவள் சொன்னதற்கு அளவில்லை.

"நான் ஒவ்வொண்ணா திட்டிட்டு வர்றேன். எது வலிக்குதோ சொல்லுங்க. அதை நாளைக்குத் தண்டத்துக்கு எடுத்துட்டுப் போறேன்," என்றாள்.

"சரி," என்று அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

அவள் அவருடைய மூக்கில் ஆரம்பித்தாள். வலிக்கவில்லை என்றார். வழுக்கைக்கு வந்தாள். அது பழகிப்போனது என்றார். அவருடைய அண்ணனை இழுத்தாள். அவர் ஆமாம் என்று ஒத்துக்கொண்டார். மூளை, நடை, குறட்டை, கல்யாணத்தன்று அவர் போட்டிருந்த சட்டை என்று சரவெடி ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் நேர்மையாக யோசித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு நாக்கு வறண்டது. கடைசியில் இப்படிச் சொன்னாள்:

"உங்ககிட்ட பேசுறதும் சுவத்துகிட்ட பேசுறதும் ஒண்ணு. நீங்க இந்த வீட்டுல இருக்குறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான். எனக்கு வித்தியாசமே தெரியல."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இது வலிக்குது," என்றார்.

"அப்பாடா," என்று சரவெடி கையைத் தட்டினாள். "இதைத்தான் தேடிட்டு இருந்தேன்." பிள்ளைக்கு மருந்து கிடைத்த மாதிரி நிம்மதியோடு போய்ப் படுத்துத் தூங்கிவிட்டாள். சொன்னது யாரிடம் என்பது அவள் மண்டையில் ஏறவே இல்லை. பண்ணையில் வேலை பார்க்கிறவர்களுக்கு வருகிற வியாதி இது. எதிராளி முகம் வாடினால் வேலை முடிந்தது என்று சந்தோஷப்பட்டுவிடுவார்கள்.

மறுநாள் அந்தத் திட்டைச் சுடச்சுடக் கொண்டுபோய்த் தண்டத்தின் தலையில் கொட்டினாள். "நீ இருக்குறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்டா," என்றாள். கை தன்னால் போய் அதன் கழுத்திலிருந்த தூசியைத் தட்டியது. தண்டம் அந்தக் கையை ஒருதரம் நக்கிவிட்டு, மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது.

வாயில் வந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்தாள். கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"வாங்க. உட்காருங்க. குடிக்கத் தண்ணி கொண்டுவரட்டுங்களா?"

சரவெடி திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"யாராவது வந்திருக்காங்களா என்ன?"

"நீங்கதான் வந்திருக்கீங்க," என்றார்.

தண்ணீர் வந்தது. விருந்தாளிகளுக்கென்று அலமாரியில் வைத்திருந்த பூப்போட்ட கண்ணாடிக் குவளையில் வந்தது, அடியில் ஒரு தட்டோடு. சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு, "ஏதோ எனக்குத் தெரிஞ்ச மாதிரி பண்ணியிருக்கேன், தப்பா நெனைச்சுக்காதீங்க," என்றார். கை துடைக்கப் புதுத் துண்டு எடுத்துக்கொடுத்தார். அவள் பொறுக்கமுடியாமல் திட்ட ஆரம்பித்தாள். என்ன கூத்து இது, மூளை கழன்றுவிட்டதா, கடையில் ஷாக் அடித்துவிட்டதா என்று பொரிந்து தள்ளினாள். அவர் பணிவாக நின்று கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது சரிதாங்க. உங்க நேரத்தை வீணாக்கிட்டேன்," என்று சொல்லி விளக்கைக் குறைத்து வைத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமையும் பண்ணையில் வால்தான் சுற்றியது, வீட்டில் பூப்போட்ட குவளைதான் வந்தது. முதுகில் நாலு சாத்து சாத்தியிருந்தால்கூட அவளுக்கு இப்படி வலித்திருக்காது. சொந்த வீட்டில், சொந்த நாற்காலியில், வழி தெரியாமல் வந்து உட்கார்ந்த ஆள் மாதிரி அவளை ஆக்கிவிட்டார் மனுஷன். அவள் குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். சோப்புப் பெட்டி இருக்கிற சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். கன்னத்தை உப்பிக்கொண்டு முனகினாள். தற்செயலாகப் பக்கத்துக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்ததும் முனகல் நின்றுவிட்டது. கண்ணாடிக்குள் அசல் உம்மணாமூஞ்சி ஒன்று நின்றுகொண்டிருந்தது. கல்தான் இன்னும் விழவில்லை.

அப்போதுதான் அவளுக்கு இரண்டு விஷயங்கள் புரிந்தன. ஒன்று, செவ்வாய்க்கிழமை தான் சொன்னது அவருக்கு எங்கே போய்க் குத்தியிருக்கிறது என்பது. இன்னொன்று, வெள்ளிக்கிழமை காலையில் தான் என்ன செய்யவேண்டும் என்பது. முதலாவதுக்கு மன்னிப்புக் கேட்கவேண்டும், அது அவளுக்குக் கைவராத வித்தை. அதனால் இரண்டாவதை முதலில் பார்க்கலாம் என்று முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

வெள்ளிக்கிழமை வெட்டுகிறவர் சீக்கிரமே வந்துவிட்டார். கூண்டுகளுக்கு எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, பையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். சரவெடி வழக்கமான செருப்பை விட்டுவிட்டு, விசேஷங்களுக்குப் போடுகிற சப்பாத்தைப் போட்டு வந்திருந்தாள். சத்தம் வேறுமாதிரி இருந்ததால் தண்டம் குழம்பிப்போய்த் தலையைத் தூக்கியது. அவளைப் பார்த்ததும் வாலைச் சுற்ற ஆரம்பித்தது.

அவள் இரண்டடி தள்ளியே நின்றாள்.

"வணக்கம். நல்லா இருக்கீங்களா? நான் வந்தது உங்களுக்குத் தொந்தரவா இல்லையே?"

வாலின் வேகம் குறைந்தது.

"பூசணித் தோல் கொண்டுவந்திருக்கேன். விருப்பம் இருந்தா எடுத்துக்கோங்க. வேண்டாம்னாலும் பரவாயில்லைங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

தண்டம் எழுந்து வந்தது. ஈரத்தில் படுத்திருந்ததால் ஒரு பக்கம் முழுக்கச் சேறு. அதைக் காட்டியபடி நின்றது. திட்டு வரும் என்று காத்திருந்தது. வரவில்லை. அழுக்குக் காதைக் கொண்டுவந்து அவள் முழங்காலில் தேய்த்தது. அவள் காலை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கோங்க. உங்க வழியில நின்னுட்டேன்," என்றாள்.

வால் நின்றுவிட்டது. தண்டம் அவளை ஒரு பார்வை பார்த்தது. பிறகு திரும்பி, தளர்ந்த நடையில் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டது. அதன் முதுகைப் பார்க்கப் பார்க்கச் சரவெடிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் இரண்டு காதையும் பிடித்துத் திருகி நாலு வார்த்தை நன்றாகத் திட்டவேண்டும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வெட்டுகிறவர் இரண்டாவது டீயும் குடித்து முடித்தார்.

மதியம் ஆகும்போது தட்டில் 'டங்' என்று விழுந்தது. டிங் இல்லை, டங். எலுமிச்சம்பழ அளவில், கிணற்றின் ஆழத்து இருட்டு நிறத்தில் ஒரு நீலக்கல் தட்டை நசுக்கிக்கொண்டு கிடந்தது. முதலாளி பூதக்கண்ணாடியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். வெட்டுகிறவர் பையைத் தூக்கிக்கொண்டு, இனி இங்கே வேலையில்லை என்று கிளம்பிவிட்டார்.

"ஏம்மா, இதை வாரம் ஒரு தடவை பண்ணலாமா?" என்றார் முதலாளி. "தண்டம் இங்கேயே இருக்கட்டும். தனி ரூம் போட்டுக் குடுத்துடலாம்."

"பேச்சுன்னா பேச்சா இருக்கணும் சார். கல்லு குடுத்தா கூட்டிட்டுப் போன்னு சொன்னீங்க."

"அது நீலம் வரும்னு தெரியாம சொன்னது."

அவ்வளவுதான். காலையிலிருந்து அடக்கிவைத்திருந்தது மொத்தமும் சரவெடிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. முதலாளியின் வாக்கு, அவருடைய பூதக்கண்ணாடி, அதைப் பிடிக்கத் தெரியாத கை, அவரைப் பெற்று வளர்த்த லட்சணம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுத்துவைத்தாள். அவள் முடித்தபோது முதலாளி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். கன்னங்கள் உப்பியிருந்தன. கண்டக்டர் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தட்டை எடுத்து அவர் தாடைக்குக் கீழே பிடித்தார்.

தண்டத்தைக் காய்கறிக் கூடையில் வைத்துச் சரவெடி வீட்டுக்குக் கூட்டிவந்தாள். கல்லைத் துப்பியதும் போயிருக்க வேண்டிய கோபம் இந்தத் தடவை போகவில்லை. வழி நெடுக அது கூடையின் மறுபக்கம் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது. பூசணித் தோலை நீட்டினாள், வாங்கவில்லை. உயிரைக் காப்பாற்றியாகிவிட்டது, ஆனால் இனி அது தன்னைத் திரும்பியே பார்க்காதோ என்று பயந்து, கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கதவைத் திறந்த கணவர், "வாங்க," என்றார். கூடையைப் பார்த்து அதற்கும் ஒரு "வாங்க" போட்டார்.

கூடையைக் கூடத்தில் இறக்கிவைத்தாள். ஒரு பக்கம் தண்டம், ஒரு பக்கம் அவர். நடுவில் நின்ற சரவெடிக்கு வாழ்க்கையில் முதல்முறையாக என்ன பேசுவது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். பழக்கதோஷம், வேறொன்று வந்தது.

"ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையைப் பாத்துக்கிட்டு நின்னா நான் யார்கிட்டடா பேசுறது? சுவத்துகிட்டயா? எனக்கு வித்தியாசம் தெரியாதுன்னு சொன்னேன். நல்லா தெரிஞ்சுபோச்சு, போதுமா? மூணு நாளா தெரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன். இனிமே அந்தப் பூப்போட்ட குவளையை யாராவது எடுத்தா கையை ஒடிச்சிருவேன்..."

குரல் உடைந்து பாதியில் நின்றுவிட்டது. சரவெடி பாதியில் நின்றதை அந்த வீடு அதுவரை பார்த்ததில்லை.

கூடைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. "குர்ர்." தண்டம் மெல்லத் திரும்பியது. முன்னங்கால்களைக் கூடையின் விளிம்பில் தூக்கிவைத்து, அவள் முகத்தை நேராகப் பார்த்தது. "குர்ர். குர்குர்ர். குர்ர், குர்குர்குர்ர்," என்று ஆரம்பித்தது. ஏறுகிற இடத்தில் ஏறியது, இறங்குகிற இடத்தில் இறங்கியது. காதை ஆட்டிக் காட்டியது, சேற்றைக் காட்டியது, அவள் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்து ஒரு நீளமான குர்ர் விட்டது. மூச்சு வாங்குகிற இடம்கூட அச்சுஅசல் சரவெடியின் இடம்தான். இத்தனை வருஷமாகக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணிவைத்திருந்ததை அன்றைக்கு அவளுக்கே திருப்பிப் படித்தது.

சரவெடி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அம்மா போனபிறகு அவளை இப்படி யாரும் திட்டவில்லை. நெஞ்சு நிறைந்து கண்ணால் வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"அது கேக்குறது நியாயமாத்தான் இருக்கு," என்றார் கணவர்.

"நீங்களும் கேளுங்க. ரெண்டு போடு போடுங்க. எனக்கு வேணும்," என்றாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றினார். "நீ..." என்றார். விட்டத்தைப் பார்த்து யோசித்தார். "நீ ஒரு..." என்று மறுபடியும் முயற்சி பண்ணினார். நெற்றியில் வியர்த்துவிட்டது.

"சட்டுனு வரமாட்டேங்குது. நாளைக்கு யோசிச்சு சொல்றேன், நீ போய்க் கை கால் கழுவிட்டு வா," என்றார்.

அதற்குள் தண்டம் பூசணித் தோலில் ஒரு கடி கடித்துவிட்டு, வாலைச் சுற்றியபடி, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் திட்ட ஆரம்பித்திருந்தது.